சாம்பல் கோட்டுக்காரர்

"இன்னும் நிக்கறானா பாரு" என்றார் அரையிஞ்சு, தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

மனைவி வாசலில் எட்டிப் பார்த்தாள். கடைக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம்.

"நிக்கறார். சாம்பல் கோட்டு. கையில சின்னதா ஒரு நோட்டு."

"எழுதறானா?"

"எழுதறார்."

அரையிஞ்சு மிஷினை நிறுத்தினார். இது நாலாவது நாள். மனைவி மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள்.

"நெட்டையான ஆளுன்னுதானே நேத்து சொன்னீங்க? இவர் குட்டையா இருக்காரே."

"நெட்டையா நின்னா தெரிஞ்சிடும்னு குனிஞ்சு நிப்பான். அவனுக்குச் சொல்லியா குடுக்கணும்" என்று அவர் முடித்துவிட்டார். அவளுக்கு ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலைக்கு நேரமாகிவிட்டது. அதற்குமேல் வாதாடாமல் கிளம்பிப் போனாள்.

தெருவில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் நினைவில்லை. எந்தக் கால்சட்டையைக் கொண்டுபோய்ப் போட்டாலும், "அரை இஞ்சு உள்ள பிடிச்சாப் போதும், ஆளே மாறிடுவீங்க" என்பார். அதுவே பெயராகிவிட்டது. கிழிந்ததைத் தைப்பது, நீளத்தைக் குறைப்பது, தொப்பை போட்டவர்களுக்கு இடுப்பை விட்டுக்கொடுப்பது, இதுதான் முப்பது வருஷமாக அவர் தொழில்.

இப்போது இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் முழுக்கப் புகை. இடது கண் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தது. மனித முகமெல்லாம் அவருக்கு வெந்நீர் ஆவி படிந்த கண்ணாடிதான். மூக்கு எங்கே முடிகிறது, வாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஆனால் துணி விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. நிறத்தையும் அது தொங்குகிற விதத்தையும் வைத்தே தெருவுக்கு அந்தப் பக்கம் போகிறவர் யார் என்று சொல்லிவிடுவார். வருகிறவர் வாயைத் திறப்பதற்குள், "வாங்க பச்சைக் கட்டம்" என்று வரவேற்பார். பச்சைக் கட்டம் புதுச் சட்டை வாங்கிவிட்டால், அவரைப் பொறுத்தவரை அது புது ஆள்.

அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் பதினாலாம் தேதி குறித்திருந்தார்கள். செலவெல்லாம் குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மருத்துவ அட்டையில். அட்டை இல்லாவிட்டால், கடையை மிஷினோடு சேர்த்து விற்றாலும் ஒரு கண்ணுக்குத்தான் காணும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தைக்கக் கடை இருக்காது.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கடிதம் வந்தது. பட்ஜெட்டில் மருத்துவத்துக்கு ஒதுக்கியதில் பெரிய துண்டாக வெட்டிவிட்டார்கள். கடிதம் அதை 'நிதிச் சீரமைப்பு' என்று நாசூக்காகச் சொன்னது. அட்டை வைத்திருக்கும் எல்லோரும் மறுபரிசீலனைக்கு உள்ளாவார்கள், சோதனை அதிகாரிகள் முன்னறிவிப்பில்லாமல் வருவார்கள், தகுதியில்லாதவர்கள் நீக்கப்படுவார்கள். இது முதல் பக்கம். மொத்தம் ஆறு பக்கம் இருந்தது.

மற்ற ஐந்து பக்கத்தையும் மச்சான் எடுத்துக்கொண்டு போயிருந்தான். மனைவியின் தம்பி, லிஃப்ட் பழுது பார்ப்பவன். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டால் ஆள் வரும்வரை படிக்க நல்ல நேரம் கிடைக்கிறது என்பான். அதனால் சட்டதிட்டம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. என்ன, அவன் அந்த வாரம் எத்தனை மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டானோ அத்தனை பக்கம்தான் படித்திருப்பான்.

சாம்பல் கோட்டு முதல் நாள் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. மேசைமேல் கோட்டைக் கழற்றிப் போட்டபோதே அரையிஞ்சுவின் கட்டைவிரலுக்கு விஷயம் புரிந்தது. கம்பளியும் பாலியெஸ்டரும் கலந்த அரசாங்கத் துணி. இடது பைக்கு மேலே நூலில் ஒரு சின்னம். தடவிப் பார்த்தார். ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு கை, கைக்குள் ஒரு இதயம். அவருடைய மருத்துவ அட்டையிலும் அதே வட்டம், அதே கை.

"இதைப் பிரிச்சு எடுத்துடணும். தடம் தெரியக் கூடாது" என்றார் வந்தவர்.

"நல்லாத்தானே இருக்கு, ஏன் எடுக்கறீங்க?"

"மேலேருந்து உத்தரவு. கோட்டுல இது இருக்கக் கூடாதாம்."

அரையிஞ்சு நூலைப் பிரித்த பத்து நிமிஷத்துக்குள் அந்த ஆள் கேட்காத கேள்வி இல்லை. அட்டை இருக்கிறதா என்றார். இன்னும் செல்லுகிறதா என்றார். என்ன சிகிச்சை, எந்தத் தேதி என்றார். கடையில் வேலை தினமும் வருமா, தனியாகத்தான் தைக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டார். மடியில் கனம் இல்லாத அரையிஞ்சு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கோட்டை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அந்த ஆள் வாசலில் நின்று பெருமூச்சு விட்டார்.

"குடுத்து வச்சவர்ங்க நீங்க."

அந்தப் பெருமூச்சுதான் அரையிஞ்சுவை உலுக்கிவிட்டது. அன்று சாயங்காலமே மச்சானிடம் சொன்னார். மச்சான் கேட்டுவிட்டு, ஏதோ பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டினான்.

"சின்னத்தைப் பிரிக்கச் சொன்னானா? மாமா, அது மாறுவேஷம். அதிகாரின்னு தெரியாம ஊருக்குள்ள சுத்தப் போறான். குடுத்து வச்சவர்னு சொன்னான் பாருங்க, அது எச்சரிக்கை."

மறுநாளிலிருந்து சாம்பல் கோட்டு பஸ் நிறுத்தத்தில் இருந்தது. காலையில் இருக்கும், சாயங்காலம் இருக்கும். ஒருநாள் ரொட்டிக்கடை வாசலில் இருந்தது. அங்கே பார்த்துவிட்டு அரையிஞ்சு குறுக்குச் சந்து வழியாக ஓடிவந்தால், அதற்குள் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றது. அரசாங்க ஆள் இத்தனை சுறுசுறுப்பாக இருந்து அவர் பார்த்ததே இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகத்தை உறுதியாக்கியது.

"வருமான வரம்பு" என்றான் மச்சான், இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்டு. "நம்மகிட்ட ரெண்டு மிஷின் இருக்கு. ஒண்ணு கரண்ட்ல ஓடுது. ஆவி இஸ்திரிப்பெட்டி வேற. பார்க்கறவன் என்ன நினைப்பான்?"

பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று இருவரும் நினைத்துப் பார்த்தார்கள். பிறகு கரண்ட் மிஷினையும் இஸ்திரிப்பெட்டியையும் போர்வையில் சுற்றி மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கடைக் கதவைப் பாதி இறக்கி வைத்தார்கள். வந்த வேலையை எல்லாம் அரையிஞ்சு திருப்பி அனுப்பினார். மூன்று நாள் அவர் சும்மா உட்கார்ந்து, முடிந்த அளவு ஏழ்மையாக முகத்தை வைத்துக்கொண்டார். மிஷின் சத்தம் இல்லாத கடையில் உட்காருவது அவருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவை. கண் போய்விட்டால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தபோது நிஜமாகவே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் மச்சான் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டான். இறங்கியவுடன் நேரே கடைக்கு வந்தான். முகம் பேயறைந்தது போல இருந்திருக்க வேண்டும். குரலில் தெரிந்தது.

"மாமா, மூணாம் பக்கத்துல இருக்கு. மாசத்துக்கு எண்பது மணி நேரமாவது வேலை செய்யணும். சும்மா உக்காந்திருக்கறவங்களுக்கு அட்டை கிடையாது."

"நீதானேடா உக்காரச் சொன்னே."

"அது ரெண்டாம் பக்கத்துக்கு."

இருவரும் மெல்லக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்கள். எதிரே சாம்பல் கோட்டு, மடியில் நோட்டு. மூன்று நாளும் சும்மா உட்கார்ந்திருந்ததை மணிக்கணக்கில் குறித்திருப்பான் என்று அரையிஞ்சுவுக்குத் தோன்றியது.

வருமானம் இருக்கக் கூடாது, வேலை இருக்க வேண்டும். யோசித்து யோசித்து மண்டை காய்ந்த பிறகு அரையிஞ்சுவே ஒரு வழி கண்டுபிடித்தார். வாசலில் அட்டையில் எழுதி மாட்டினார்: 'இந்த வாரம் தையல் கூலி கிடையாது.'

இலவசம் என்றால் சும்மா இருப்பார்களா? மறுநாள் காலையில் ரொட்டிக்கடை வரைக்கும் வரிசை நின்றது. கிழிந்ததைக் கொண்டுவந்தார்கள். கிழியாததை வீட்டிலேயே கிழித்துக் கொண்டுவந்தார்கள். ஒரு அம்மா சோபா உறையைக் கழற்றிச் சுமந்து வந்தார். கரண்ட் மிஷின் போர்வைக்குள் மச்சான் வீட்டில். மிதிக்கிற மிஷினில் மிதித்து மிதித்து அரையிஞ்சுவுக்குத் தொடை வீங்கிவிட்டது. கண்ணோ சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பச்சைக் கட்டத்தின் கால்சட்டையில் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். ஒரு வாத்தியாரின் கோட்டுக் கையைத் தன் சட்டைக் கையோடு சேர்த்துத் தைத்துவிட்டு, அவர் வாங்கிக்கொண்டு போகும்போது கூடவே வாசல்வரை போனார்.

சத்தம் தெருவைத் தூக்கியது. காசு கொடுத்துத் தைத்தவர்கள் கூட அப்படிச் சண்டை போட்டதில்லை. மனைவி வேலையிலிருந்து வந்தபோது, கடைக்குள் நுழைய அவளிடமே டோக்கன் கேட்டார்கள்.

"இவ்வளவு கூட்டத்தைப் பார்த்தா அவன் என்னன்னு எழுதுவான்?" என்றாள் அவள். "பெரிய முதலாளின்னு எழுதிட்டுப் போயிருப்பான்."

அவள் சொன்னது சரி என்று பட்டது. அதனால்தான் அரையிஞ்சுவுக்கு அவள்மேல் கோபம் வந்தது.

நாலாம் பக்கத்தில் ஒரு வழி இருந்தது. பார்வை அறவே போனவர்களுக்கு எண்பது மணி நேர விதி பொருந்தாது. "அறவே" என்பதை மச்சான் மூன்று தடவை அழுத்திப் படித்தான். பாதிப் புகை, முக்கால் புகை எல்லாம் செல்லாது. அடுத்த நாள் கண் சொட்டு மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. கறுப்புக் கண்ணாடி, கையில் துணி அளக்கும் மரக்கோல், மனைவியின் தோளில் ஒரு கை என்று அரையிஞ்சு கிளம்பினார். வழியில் இரண்டு தடவை வேண்டுமென்றே கம்பத்தில் முட்டிக்கொண்டார். மூன்றாவது தடவை முட்டியது நிஜம்.

மருந்துக்கடைப் பெஞ்சில் சாம்பல் கோட்டு உட்கார்ந்திருந்தது.

மனைவியின் தோளை அவர் கிள்ளினார். அவளும் பார்த்துவிட்டாள் என்பது அவள் தோள் இறுகியதில் தெரிந்தது. சாம்பல் கோட்டு எழுந்து, "உக்காருங்கய்யா" என்று இடம் கொடுத்தது. குரல் ஜலதோஷம் பிடித்தது போல வேறு மாதிரி இருந்தது. குரலைக்கூட மாற்றுகிறான் என்று அரையிஞ்சு மனதுக்குள் பாராட்டிக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் கண்ணை அசைக்காமல், சுவரையே பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது அந்த ஆள் அலமாரிப் பக்கம் கையை நீட்டினார். கோட்டின் கைமடிப்பு ஒரு விரல் அளவு பிரிந்து, நூல் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷத் தொழில் சும்மா விடுமா? அரையிஞ்சுவின் கை தானாக எழுந்து, அந்த நூலைச் சரியாகப் பிடித்துவிட்டது.

"இழுத்துடாதீங்க, முழுசும் பிரிஞ்சிடும். அரை இஞ்சு உள்ள மடிச்சு அடிச்சாப் போதும்."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பரவாயில்லையே, பார்வை நல்லா இருக்கே" என்றார் சாம்பல் கோட்டு. "எந்தக் கண்ணுக்கு ஆபரேஷன்?"

அரையிஞ்சு மருந்தையும் வாங்காமல், மரக்கோலை அங்கேயே போட்டுவிட்டு, கண் தெரியாதவருக்குக் கொஞ்சமும் பொருந்தாத வேகத்தில் வீடு வந்து சேர்ந்தார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. ஐந்தாம் பக்கத்தைப் பற்றி மச்சான் ஏற்கெனவே சொல்லியிருந்தான். பொய்த் தகவல் கொடுத்து அட்டை வைத்திருப்பது தெரிந்தால் வழக்கு, அபராதம், கடைக்கு முத்திரை. பொய்யே சொல்லாமல் அட்டை வாங்கிய மனிதர், அதைக் காப்பாற்றுவதற்காக ஒரே வாரத்தில் மூன்று பொய் சொல்லியிருந்தார். மிஷினை ஒளித்தது ஒன்று, கூலி இல்லை என்றது இரண்டு, கறுப்புக் கண்ணாடி மூன்று. மூன்றையும் சாம்பல் கோட்டு நேரில் பார்த்திருக்கிறது.

"ஆறாம் பக்கம்" என்றான் மச்சான், இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி. "கடைசி வரி. தானா முன்வந்து அட்டையைத் திருப்பிக் குடுக்கறவங்க மேல எந்த நடவடிக்கையும் கிடையாது."

மனைவிதான் முதலில் கேட்டாள்.

"அட்டையைக் குடுத்துட்டா பதினாலாம் தேதி?"

"கடை இருந்தா எப்படியாவது பார்த்துக்கலாம். கடைக்கும் முத்திரை வச்சுட்டா?"

"கண்ணு இல்லாம கடையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? நேராப் போய் நடந்ததைச் சொல்லுங்க. பயந்துபோய்ப் பண்ணினேன்னு சொல்லுங்க. அவங்களும் மனுஷங்கதானே."

"மனுஷன் இப்படி நாள் பூரா நின்னு எழுதுவானா?"

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நீங்கள் உங்கள் கண்ணைக் கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்துக்கு நான் துணைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே மறுநாள் காலையில் வேலைக்குப் போய்விட்டாள். மச்சானுக்கு ஏதோ ஒரு மாடியில் லிஃப்ட் நின்றிருந்தது. அரையிஞ்சு தனியாகத்தான் கிளம்பினார்.

பஸ் நிறுத்தத்தில் சாம்பல் கோட்டு காத்திருந்தது. பஸ் வந்ததும் அவருக்குப் பின்னாலேயே ஏறி, பின் இருக்கையில் உட்கார்ந்தது. சரணடையப் போகிறவனைக்கூட விட மாட்டேன் என்கிறானே என்று அரையிஞ்சுவுக்கு மனசு விட்டுப்போயிற்று. சுகாதார அலுவலக வாசலில் அவர் இறங்கினார். அதுவும் இறங்கியது.

உள்ளே முதல் ஜன்னலிலேயே வேலை முடிந்துவிட்டது. ஒரு பெண் குரல், நிஜமாகவே திருப்பிக் கொடுக்கிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டது. அவர் ஆமாம் என்றார். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று தெரியாமல் தடவியபோது, அவளே அவர் விரலைப் பிடித்து இடத்தில் வைத்தாள். முத்திரை விழுந்தது. அட்டை உள்ளே போனது. அதில் ஒட்டியிருந்த தன் பழைய போட்டோவைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று நினைத்தார். பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

"டோக்கன் ஒண்ணு" என்று அந்தப் பெண் மைக்கில் கூப்பிட்டாள்.

பின்னால் நாற்காலிகள் தடதடவென்று நகர்ந்தன. யாரோ ஒருவர் சந்தோஷத்தில் கத்தினார். பலர் கை தட்டினார்கள். அரையிஞ்சு திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஹாலின் இந்தக் கோடியில் சாம்பல் கோட்டு. அந்தக் கோடியிலும் சாம்பல் கோட்டு. தண்ணீர்க் குழாய் அருகே, தூணுக்குப் பக்கத்தில், வரிசை வரிசையாக நாற்காலிகளில், எங்கே பார்த்தாலும் அதே கோட்டு, அதே துணி, இடது பைக்கு மேலே நூல் பிரித்த அதே வெளிறிய வட்டம். இத்தனை நாள் பயந்து பயந்து கடைசியில் கண் மொத்தமாகக் கெட்டுவிட்டது என்றுதான் அவர் நினைத்தார்.

வாசல் காவலாளியின் காக்கித் துணி பக்கத்தில் தெரிந்தது. அதன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, எனக்குக் கண்ணு சரியில்ல. அந்தச் சாம்பல் கோட்டுக்காரர் எந்த எடத்துல இருக்கார்னு கொஞ்சம் காட்டுங்களேன். எனக்கு எல்லா எடத்துலயும் அவரே தெரியறார்."

காவலாளி நிதானமாகச் சொன்னான்: "ஒருத்தர் இல்லங்க, நாப்பத்தோரு பேரு, எல்லாம் சோதனை அதிகாரிங்க, கடுதாசி அனுப்பின மறுவாரமே பட்ஜெட்ல மொதல்ல அவங்க வேலையைத்தான் வெட்டினாங்க, அன்னிலேருந்து எங்கயாவது ஒரு அட்டை காலியாகாதா, நமக்குக் கெடைக்காதான்னு டோக்கன் வரிசையை நோட்டுல குறிச்சுக்கிட்டு தெனம் பஸ் புடிச்சு வந்து காத்துக் கெடக்கறாங்க, இன்னிக்குத்தான் யாரோ ஒரு புண்ணியவான் முதல் அட்டையைத் திருப்பிக் குடுத்திருக்காரு."